முதல் தடவை கேட்கிறவருக்குப் பாடுவது எப்படி?

ஊரறிந்த பாட்டைப் பாடுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாதி வரியை விழுங்கினாலும் கூட்டம் மீதியை மனசுக்குள் பாடி நிரப்பிக்கொள்ளும். மைக் கரகரத்தாலும், தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், "ஆங், அந்தப் பாட்டு!" என்று கைதட்டி மன்னித்துவிடும். நாமே எழுதி நாமே மெட்டுக் கட்டிய பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிரே இருப்பவர் அதை இதற்கு முன் கேட்டதே இல்லை. இனிமேல் கேட்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசையில் வார்த்தைதான் பாதி உயிர். அது காதில் விழாமல் போனால் மிஞ்சுவது இனிமையான பின்னணிச் சத்தம் மட்டுமே.

இந்தக் கவலை புதிதல்ல. 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் பாடகர் பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறியதையும், மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அதைப் பார்த்துக் கொதித்ததையும் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேபிளை வெட்டக் கோடாரி தூக்கினார் என்பதுவரை கதை கட்டினார்கள். சீகர் பின்னாளில் சொன்ன விளக்கம் எளிமையானது: மின்கிட்டார்மேல் அவருக்குக் கோபம் இல்லையாம், சத்தம் சிதைந்து வார்த்தை புரியாமல் போனதுதான் கோபமாம். அவர் சொன்னதை அப்படியே நம்புவதா என்பது உங்கள் பாடு. நான் நம்புகிறேன்.

நான் கிட்டார் வாசித்துப் பாடுகிறவன். கூட ஒருவர் வயலின், ஒருவர் தோல்கருவிகள். மேலாளர் கிடையாது, சொந்த சவுண்ட் இன்ஜினியரும் கிடையாது; பெட்டி தூக்குவதும் நாங்களே. அந்த அளவுக் குழுவை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

பாட்டை மேடைக்குத் தயார் செய்வது

வீட்டில் பதிவு செய்யும்போது அழகாக இருந்த நீண்ட முன்னிசையை முதலில் வெட்டுங்கள். பழகிய பாட்டின் முன்னிசை எதிர்பார்ப்பைக் கிளப்பும். பழகாத பாட்டில் அது வெறும் காத்திருப்பு. தாளமும் சுருதியும் பிடிபடும் அளவுக்கு நாலு சுற்று வாசித்தால் போதும், குரல் வந்துவிட வேண்டும். பல்லவி முதல் ஒரு நிமிடத்துக்குள் ஒருமுறையாவது காதில் விழட்டும். அடுத்த தடவை அது திரும்பி வரும்போதுதான் கேட்பவருக்கு "இது எனக்குத் தெரியும்" என்ற தெம்பு வருகிறது.

பழைய நாட்டுப்பாடல்களை உற்றுக் கவனித்தால் இந்தச் சூட்சுமம் எங்கும் கிடக்கும். ஒரே வரியைத் திரும்பப் பாடுவார்கள். ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார்கள். முன்பாட்டுக்காரர் ஒரு அடி சொல்ல, பின்பாட்டு அதையே வாங்கிப் பாடும். எழுதி வைத்துப் படிக்காத ஜனங்களுக்காக உண்டான உத்தி இது. நம் கேட்பாளரின் கையிலும் தாள் இல்லை என்பதால் இன்றைக்கும் அது அப்படியே செல்லும். ஒரு சரணத்தில் நாலு புதிய உவமை வைத்திருக்கிறீர்களா? மூன்றை அடுத்த பாட்டுக்கு எடுத்து வையுங்கள்.

தமிழில் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் அது நெடிலாகிவிடும். "மலை" என்று எழுதி, ம-வை மூன்று எண்ணிக்கைக்கு நீட்டினால் கேட்பவர் காதில் "மாலை" விழும். "விடு" என்பது "வீடு" ஆகும். "கல்" என்பது "கால்" ஆகும். எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் தலைக்குள் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லைப் போடுங்கள். குறில் வந்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த எழுத்துக்குச் சீக்கிரம் தாவுங்கள். அதேபோல, கதையைத் தாங்கும் சொல்லைக் குரலின் உச்சியில் வைக்காதீர்கள். உச்சஸ்தாயியில் எல்லா உயிரெழுத்தும் ஏறக்குறைய "ஆ" மாதிரியே ஒலிக்க ஆரம்பித்துவிடும். உச்சிக்குக் கூவலை அனுப்புங்கள், சேதியை நடுக்குரலில் வையுங்கள். பாட்டையே அரைக் கட்டை இறக்கினால் பல சமயம் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: நண்பர் ஒருவரை உட்கார வைத்து, வரிகளைக் காட்டாமல், விளக்கமும் சொல்லாமல் ஒரே ஒரு தடவை பாடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். "பாட்டில் என்ன நடந்தது, எந்த வரி நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். அப்புறம் பல்லவியை முனகச் சொல்லுங்கள். அவர் தப்பாக முனகினால் அந்தத் தப்பையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் நம் மெட்டைவிட அது இயல்பாக இருக்கும். எங்கள் வயலின்காரர் அப்படிக் கிடைத்த ஒரு திருப்பத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். இன்றும் அந்தப் பாட்டு அப்படித்தான் போகிறது.

பழைய மெட்டில் புது வரி எழுதுவதும் மரியாதையான வழிதான். தொழிலாளர் சங்கத்துக்காகப் பாடிய ஜோ ஹில், 1915-இல் மரண தண்டனை நிறைவேற்றப்படும் வரை, ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தேவாலயப் பாட்டு மெட்டுகளிலும் பிரபலமான மெட்டுகளிலும் தன் வரிகளை ஏற்றினார். கூடியிருந்தவர்கள் முதல் தடவையிலேயே சேர்ந்து பாட முடிந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியும் பழைய மெட்டுகளை அள்ளி அள்ளி எடுத்தவர்தான். ஆனால் ஒன்று: ஆசிரியர் தெரியாத தொன்மையான மெட்டு பொதுச்சொத்து, அதற்கு ஒருவர் புதிதாகச் செய்த இசைக்கோப்பும், எழுதிய புது வரியும், செய்த பதிவும் அவருடையவை. 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தப்படி, அதில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது நிற்கும். ஆகவே "யாரோ பாடினது" என்று கேட்டதை எடுப்பதற்கு முன்னால் அந்த யாரோ யாரென்று தேடுங்கள். குறிப்பிட்ட மக்களிடம் கற்ற மெட்டு என்றால் மேடையில் அதைச் சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

பட்டியல்

45 நிமிடம் கொடுத்தால் 8 பாட்டுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். பாட்டுக்கு 4 நிமிடம் வைத்தால் 32. இடையில் பேச்சு, சுருதி சேர்ப்பது என ஒவ்வொரு நிமிடம் வைத்தால் 7. மொத்தம் 39. மீதமுள்ள 6 நிமிடத்தை முந்தைய குழுவின் தாமதமோ, கூட்டம் விடாமல் பாடும் கடைசிப் பல்லவியோ சாப்பிட்டுவிடும். நேரத்தைத் தாண்டிப் பாடும் குழுவை அமைப்பாளர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள், வேண்டாத விதத்தில்.

முதல் பாட்டாக உங்கள் சிறந்த பாட்டை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் சவுண்ட்காரர் இன்னும் அளவுகளைத் திருத்திக்கொண்டிருப்பார், பின்வரிசைக்காரர் இடம் தேடிக்கொண்டிருப்பார். தாளம் உறுதியாக, கதை எளிமையாக உள்ள ஒன்றை வையுங்கள். வரி அடர்த்தியான பாட்டு மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வரட்டும். ஒரே சுருதியில், ஒரே நடையில் அடுத்தடுத்து இரண்டு பாட்டு வேண்டாம். புதிதாகக் கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே பாட்டுதான்.

கிட்டார்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்பிகளை வழக்கமான சுரங்களுக்குப் பதில் வேறு சுரங்களில் கட்டும் மாற்றுச் சுருதி அமைப்புகள் மேடையில் நேரத்தைத் தின்னும். பிரிட்டனின் டேவி கிரஹாம் 1960களில் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி அமைப்புக்குப் போக வழக்கமான அமைப்பிலிருந்து மூன்று கம்பிகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்க வேண்டும். திரும்ப வர மூன்றையும் ஏற்ற வேண்டும். அந்த அமைப்பில் உள்ள பாட்டுகளை ஒன்றாக அடுக்கிவிட்டால் போகவர ஒரே பயணம். இறக்கும்போது தேவையான சுரத்துக்கும் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பி நிலைத்து நிற்கும். கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டிய பிறகும் ஒருமுறை ட்யூனரைப் பாருங்கள், அழுத்தத்தில் சுருதி லேசாக ஏறியிருக்கும்.

பட்டியலைத் தடித்த மார்க்கரில் பெரிய எழுத்தில் எழுதி ஆளுக்கொன்று தரையில் ஒட்டுங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சுருதி, கேப்போ எந்தக் கட்டத்தில், யார் ஆரம்பிக்கிறார் என்ற மூன்று மட்டும் போதும். திறந்தவெளி என்றால் சவுண்ட்காரரிடம் ஒட்டும் நாடா கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களே ஒரு சுருள் கொண்டு போங்கள்.

சத்தம்

இங்கேதான் பெரும்பாலான சுயாதீனக் குழுக்கள் வார்த்தையைத் தொலைக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு பக்கத்தில் மேடை வரைபடம் போட்டு அனுப்புங்கள். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எத்தனை மைக், எது நேரடி இணைப்பு, எத்தனை மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி), மின் இணைப்பு எங்கே வேண்டும். எங்களுடையது ஆறே ஆறு வரி: முதன்மைக் குரல், கிட்டார், வயலின், வயலின்காரரின் பின்குரல், தோல்கருவி ஒன்று, தோல்கருவி இரண்டு. இதைப் பார்த்ததும் சவுண்ட்காரருக்கு நிம்மதி. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

நெருங்கி நில்லுங்கள். பெரிய மேடை கிடைத்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போகத் தோன்றும், போகாதீர்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி. தாளக்காரர் 10 மீட்டர் தள்ளி நின்றால் அவர் அடி உங்களை வந்து சேர 30 மில்லிவினாடி ஆகும். அதைக் கேட்டு நீங்கள் பாட, நீங்கள் பாடியதைக் கேட்டு அவர் அடிக்க, இருவரும் ஒருவரையொருவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போவீர்கள். நாங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் அரைவட்டமாக நிற்கிறோம். கண்ணைப் பார்த்தே பாட்டை முடிக்கவும் இது வசதி.

குரலுக்கு என்ன மைக் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். 1966-இல் வந்த ஷுர் எஸ்எம்58 இன்னும் மேடைக்கு மேடை நிற்கிறது, அதுவே போதும். ஆனால் உங்கள் முன்னால் நிற்கும் மைக் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்டியாய்டு வகைக்கு நேர் பின்பக்கம்தான் காது செவிடு. ஆகவே மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால், அதாவது உங்கள் முகத்துக்கு நேரே தரையில் இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு வகை நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி பின்பக்கத்து இரு ஓரங்களில். அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். மைக் ஊளையிட்டதும் எல்லோரும் சவுண்ட்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பல நேரம் மானிட்டரை ஓரடி நகர்த்தினாலே ஊளை நின்றுவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் மைக்குக்குப் போகும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 3 செமீ தள்ளிப் பாடிக்கொண்டிருந்தவர் உணர்ச்சியில் தலையை ஆட்டி 6 செமீ போனாலே அந்த வித்தியாசம் வந்துவிடும், வரியின் கடைசிச் சொல் மறைந்துவிடும். ரொம்ப ஒட்டிப் பாடினால் அடிக்குரல் பெருத்துச் சொற்கள் குழையும். இரண்டு மூன்று விரல் அகலம் என்று ஒரு அளவை வைத்துக்கொண்டு, கூவும் இடத்தில் மட்டும் பின்வாங்குங்கள். மைக்கின் கம்பி வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஒய்யாரமாக இருக்கும். அது மைக்கின் திசைத்தன்மையையே கெடுத்து ஊளைக்கு வழிவிடும்.

திறந்திருக்கும் மைக் எண்ணிக்கையைக் குறையுங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய ஒலி அளவு 3 டெசிபல் குறைகிறது. ஒரே பாட்டில் மட்டும் வரும் சின்னக் கருவிக்காக மாலை முழுவதும் ஒரு மைக் திறந்து கிடக்க வேண்டியதில்லை.

கிட்டாரில் பியெஸோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் உணரி) இருந்தால் நல்ல டிஐ பாக்ஸ் (அந்தச் சைகையை மேடைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாகவே இணையுங்கள். கிட்டாருக்குள்ளேயே சைகையைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாத பட்சத்தில் அந்தப் பெட்டியின் உள்நுழைவு மின்மறுப்பு 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி சதையில்லாமல் தகரம் மாதிரி வரும். மரக் கிட்டார் உடம்பு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிர்ந்து ஹூம் என்று கிளம்பும். டிஐ பெட்டியில் சைகையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அடங்கவில்லையா, கிட்டார் துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த அலைவரிசையை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்தச் சேனலை மூடச் சொல்லுங்கள். அந்த "டொப்" சத்தத்துக்குப் பிறகு சவுண்ட்காரர் உங்கள் நண்பராக இருக்க மாட்டார்.

சரி, சவுண்ட் செக். வழக்கமாக முதலில் தாளம், அப்புறம் மற்றவை, கடைசியில் மிஞ்சிய நேரத்தில் குரல். நாங்கள் தலைகீழாகக் கேட்போம்: முதலில் குரல். குரல் தெளிவாக நின்ற பிறகு அதை மறைக்காத அளவுக்கு ஒவ்வொரு கருவியாக உள்ளே வரட்டும். தொலைபேசி நெடுங்காலமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, பேச்சு புரிந்தது. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. வயலினின் கீச்சும், தோல்கருவியின் "சட்" என்ற விளிம்பும், கிட்டார் மீட்டலின் சரசரப்பும் முட்டி மோதிக்கொள்வதும் அதே வட்டாரத்தில்தான். எனவே குரலை மேலே ஏற்றுவதற்கு முன்னால் மற்றவற்றை அந்த இடத்தில் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். எதிரொலியை நம் காதுக்கு இனிமையாக இருக்கும் அளவிலிருந்து பாதியாகக் குறையுங்கள். பாட்டுக்கு நடுவே பேசும்போது எதிரொலி முழுக்க அணைந்திருக்கட்டும்.

குரல் புரிகிறதா என்று நீங்கள் தீர்மானிக்கக் கூடாது, குழுவில் யாரும் தீர்மானிக்கக் கூடாது. எங்களுக்கெல்லாம் வரி மனப்பாடம்; குரல் வெளியே வராவிட்டாலும் எங்கள் காதில் கேட்கும். நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் தன்னார்வலர் யாரையாவது அரங்கின் கடைசி வரிசைக்குக் கூப்பிடுங்கள். எல்லாக் கருவியும் வாசிக்க, ஒரு சரணம் பாடிவிட்டு, "இப்ப நான் என்ன பாடினேன், அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வரியில் எந்தச் சொல் திரிந்திருக்கிறதோ அதுதான் சரி செய்ய வேண்டிய இடம். வெறும் அரங்கில் எதிரொலி அதிகமாக இருக்கும், ஆட்கள் நிறைந்ததும் கொஞ்சம் உலர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விழாக்களில் முழு சவுண்ட் செக் கிடைக்காது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் சின்ன சரிபார்ப்போடு ஓட வேண்டியதுதான். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "குரல் முன்னால் இருக்கட்டும்."

இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான புளூகிராஸின் பழைய குழுக்களுடைய வழி இருக்கிறது. நடுவில் தூரத்து ஒலியையும் நுட்பமாக வாங்கும் ஒரே ஒரு கண்டென்சர் மைக், சுற்றி எல்லோரும். பாடுகிறவர் முன்னே வருவார், தனி வாசிப்பு வரும்போது அவர் விலகக் கருவிக்காரர் உள்ளே நுழைவார். ஒலி அளவைக் கால்களே பார்த்துக்கொள்ளும். தரை மானிட்டர் வைக்க முடியாது, அமைதியாக உட்கார்ந்து கேட்கும் அரங்கும் வேண்டும். யார் எப்போது விலகுவது என்று ஒத்திகை பார்க்காவிட்டால் வயலின் வில் கிட்டார்காரர் காதைக் குடையும். கிடைக்கிற தெளிவுக்கு அந்த உழைப்பு தகும்.

தோலும் கம்பியும்

தோல்கருவி ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட சூட்டில் இறுகி ஏறும். பறையை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவார்கள். அயர்லாந்தின் பௌரான் என்ற கைமேளமும் நம் கஞ்சிராவும் எதிர்த்திசை: தோலின் உள்பக்கம் தண்ணீர் தொட்டு நனைத்து இறக்குவார்கள். மூடிய அரங்கில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள், ஆகவே எங்கள் தாளக்காரர் பையில் முடி உலர்த்தும் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். மின் இணைப்பு எங்கே என்று முதலில் கேட்பவரும் அவர்தான். ஓரத்திலிருந்து நடுவாக, நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் காய்ந்து கெடும். மேடை விளக்கு சுட்டெரித்தால் இரண்டாம் பாட்டுக்குள் சுருதி தானாக ஏறிவிடும் என்பதால், விளக்கு போட்ட பிறகே கடைசிச் சுருதி பாருங்கள்.

புதுக் கம்பியை நிகழ்ச்சியன்று மாட்டாதீர்கள். முந்தைய நாள் மாட்டி, இழுத்து விட்டு, ஒரு ராத்திரி தூங்கவிடுங்கள்.

நடுவில் பேசுவது

பாட்டில் உள்ளதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "இது பிரிவைப் பற்றிய பாட்டு" என்று சொன்ன பிறகு கேட்பவருக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பாட்டுக்கு வெளியே உள்ள, ஆனால் பாட்டுக்குள் நுழையத் தேவையான ஒன்றைச் சொல்லுங்கள்: பாடுவது யார், எங்கே நிற்கிறார், வழக்கத்தில் இல்லாத ஒரு சொல்லுக்கு என்ன பொருள். அரை நிமிடம் போதும். எங்கள் வயலின்காரர் வயலினோடு பின்குரலும் பாடுகிறவர். நான் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வில்லால் ஆதாரச் சுருதியை மெதுவாக இழுக்கத் தொடங்கிவிடுவார். அது எனக்கு எச்சரிக்கை, கூட்டத்துக்கு அழகான பின்னணி.

பாட்டின் பெயரைப் பாடுவதற்கு முன்னும் சொல்லுங்கள், பின்னும் சொல்லுங்கள். பிடித்திருந்தால் வீட்டுக்குப் போய்த் தேடுவதற்கு அவர்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது. சுருதி சேர்ப்பதை ட்யூனர் பெடலில் ஒலியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். "ஹலோ, செக், செக்" கூட்டம் வந்த பிறகு வேண்டவே வேண்டாம்.

கூட்டத்தைப் பாட வைப்பது

தெரியாத பாட்டைக் கூட்டம் பாடாது என்று நினைக்காதீர்கள். சீகர் இதில் மன்னர். கூட்டம் பாட வேண்டிய வரியை, அது வருவதற்குச் சற்று முன்னால் வேகமாகப் பேச்சுக் குரலில் சொல்லிக் கொடுப்பார். அவர்கள் நீட்டிப் பாடுவார்கள். இதைச் செய்ய மெட்டிலேயே இடைவெளி வேண்டும், ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு எண்ணிக்கையாவது. பாட்டு எழுதும்போதே அந்த மூச்சுவிடும் இடத்தை விட்டு வையுங்கள்.

புது வரியைக் கற்றுக்கொள்ளக் கூச்சப்படும் கூட்டத்துக்குத் தன்னானே கை கொடுக்கும். "தன்னானே தானே" என்று பல்லவியின் மெட்டை முதலில் பாடவிடுங்கள். அர்த்தம் இல்லாததால் தப்பு வந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. இரண்டாம் சுற்றில் அதே மெட்டில் வார்த்தையை ஏற்றுங்கள். கற்றுக்கொடுக்கும்போது தாளத்தை நிறுத்தாதீர்கள், கருவிகளை மட்டும் தாழ்த்துங்கள். அவர்கள் பாடத் தொடங்கியதும் நீங்கள் மைக்கை விட்டு விலகி நில்லுங்கள். தன் குரல் தனக்கே கேட்டால்தான் கூட்டம் தொடர்ந்து பாடும். உங்களுக்கு வசதியான குரல் உயரம் கூட்டத்துக்கும் வசதியாக இருக்கும் என்பதில்லை, ஆணும் பெண்ணும் சிறுவர்களும் எட்டக்கூடிய ஐந்தாறு சுரங்களுக்குள் பல்லவி நிற்கட்டும். யாரும் பாடாவிட்டால் திட்டாதீர்கள், "சத்தமே வரலையே" என்று சீண்டாதீர்கள். நாங்களே பாடி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம்.

பாடுவதற்கு முன்னும் பின்னும்

ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு சவுண்ட் செக், ஒலிக்கருவி யார் பொறுப்பு, தொகை எவ்வளவு, எப்போது தருவார்கள், பயணம் தங்கல் யார் செலவு, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, பதிவு செய்து வெளியிடும் உரிமை யாருக்கு. கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சொந்தப் பாட்டுக்காரருக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். "வெளிச்சம் கிடைக்கும்" என்று சொல்லி இலவசமாக அழைப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: சவுண்ட்காரருக்கும் வெளிச்சத்தில்தான் சம்பளமா?

பாடலாசிரியர் உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கங்கள் பல நாடுகளில் உள்ளன. மேடையில் பாடிய சொந்தப் பாட்டுகளுக்கும் அவை பணம் தருவதுண்டு. அதற்கு நீங்கள் உறுப்பினராகி, பாட்டுகளைப் பதிந்து, நிகழ்ச்சியில் பாடிய பட்டியலை அனுப்பியிருக்க வேண்டும். தரையில் ஒட்டிய அந்தத் தாளை உரித்தெடுத்து நாளும் இடமும் எழுதி வைத்தால் ஆதாரத்துக்கு ஆயிற்று.

பின்வரிசையில் ஒரு நாற்காலியில் ஃபோனை வைத்து முழு நிகழ்ச்சியையும் பதிவு செய்யுங்கள். மேடை ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவு இதற்கு உதவாது, அதில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து, வரித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தச் சொல் கேட்கவில்லையோ அதைச் சுழியுங்கள். ஒரே சொல் இரண்டு மூன்று இடங்களில் பாடியும் தொடர்ந்து சுழிக்கப்பட்டால் குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை. அந்த வரியை மாற்றி எழுதி, அடுத்த ஒத்திகையில் முதல் வேலையாகப் பாடிப் பாருங்கள்.